எட்டாவது துளி

பகல் முழுக்க ஊர்க் கிணறுகளின் கடினத்தை
எண்ணிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
உருத்திரபுரம், திருவையாறு, முரசுமோட்டை.
போத்தல் கழுத்தில் பெயர் எழுதிய ஒட்டுத்தாள்.
கேத்தலின் அடியில் ஏன் வெள்ளை படியுது
என்று கேட்டு வருகிறவர்களுக்கு
ஒரு தாளில் விடை கொடுத்து அனுப்புவேன்.

இரவில் என் தண்ணீர்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. கரடிப்போக்குச் சந்தியில்
யன்னல் பொருத்துகிறவர் ஒட்டித் தந்தது.
"எத்தினை மீன் விடப்போறியள்?"
மீனுக்கில்லை என்றேன்.
சிலிக்கன் காயுமட்டும்
என்னை ஒருமாதிரிப் பார்த்தபடி இருந்தார்.

கல்லுக்கு என்று சொல்லியிருக்கலாம்.
கல்லாகிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு.
சுண்டுவிரல் நகமளவில் வந்த முருகை,
ஆறு வருசத்தில் பதினேழு கிளை.
தண்ணீரில் கரைந்து கிடப்பதைப் பொறுக்கி
இரவும் பகலும் வீடு கட்டுகிறது.
மேசன் இல்லை, சீமெந்து இல்லை,
வீட்டுத்திட்டத்துக் காசு முடிந்து
லின்ரல் மட்டத்தோடு நிற்கிற வீடும் இல்லை.
ஆனால் கட்டக் கட்டத் தண்ணீரில் காரம் இறங்கும்.
வளர்வதென்றால் தின்பது.

ஐந்து மில்லி எடுக்கிறேன்.
முதல் துளிக்கு நீலம்.
குலுக்கி, அடுத்தது. குலுக்கி, அடுத்தது.
எட்டாவதில் மஞ்சளானால் நித்திரைக்குப் போகலாம்.
ஏழிலேயே மஞ்சளானால்
அரைக் கரண்டி அப்பச்சோடா,
வடித்த தண்ணீரில் கரைத்து,
சேலைன் குழாயால் விடியுமட்டும் சொட்டச் சொட்ட.

போன மார்கழி
வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள்.
குளங்களின் மழையெல்லாம் கடலுக்குப் போனது.
அலம்பிலிலிருந்து கான்களில் கடல் கொண்டுவரும் றெஜினோல்ட்
"இனிச்சுப் போச்சக்கா, பார்த்து ஊத்துங்கோ" என்றான்.
பார்க்காமல் ஊற்றினேன்.
ஆறாவது துளியில் மஞ்சள்.

மறுநாள் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி.
பஸ் பத்தரைக்கு.
பெட்டி அடுக்கிய கையோடு
மூன்று கரண்டி, குவித்து, ஒரேயடியாக.
புறப்படுமுன் எண்ணிப் பார்த்தேன்: பத்து.
கொப்பியில் அந்த இலக்கம் வடிவாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது
எல்லா நுனியும் வெள்ளை.
எரிந்த வெள்ளை. தசை உரிந்து,
உள்ளே கட்டியிருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது.

ஆய்வுகூடத்து ஜெனிற்றா கேட்டாள்,
"ஆறிலயே விட்டிருந்தா?"
ஆறில் இருந்திருக்கும்.
கொஞ்சம் மெல்ல வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.
ஆறும் பத்தும் அதற்கு ஒரு பொருட்டில்லை,
ஒரே இரவில் ஆறு பத்தாவதுதான்.

ஓடத் தெரியாத உயிர்.
அது இடம்பெயர்வதில்லை,
ஊர்தான் அதைச் சுற்றி மாறிவிடுகிறது.
பதினொரு வயதுக்குள்
எத்தனை கிணற்றில் தண்ணீர் குடித்தேன்
என்று எனக்குக் கணக்கில்லை.
ஒன்று சவர். ஒன்று துரு.
ஒன்றை மட்டும் துணியில் வடித்துக் குடித்தோம்.
இதை ஜெனிற்றாவுக்குச் சொல்லவில்லை.
அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

மூன்று கிளை போய்விட்டது. பதினாலு மிச்சம்.
வெளுத்த இடத்தில்
ஊதாவாக ஒரு ஓரம் ஊர்ந்து வருகிறது,
மாதத்துக்கு ஒரு நெல்மணி அகலம்.

இன்று ஒன்பதரைக்கே கரண்ட் நின்றுவிட்டது.
போன் வெளிச்சத்தில் துளி எண்ணுகிறேன்.
ஏழில் பச்சையா, மஞ்சளா, பிடிபடவில்லை.
சோடா டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.
நாளைக்குப் பார்க்கலாம் என்று விட
எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

பம்பும் ஓடவில்லை.
புது அகப்பை ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு
மெல்லக் கலக்குகிறேன்,
ஒரு பக்கமாக, பிறகு மற்றப் பக்கமாக.
கை மாற்றும்போது மட்டும்
கடல் நிற்கிறது.